இடப்பக்கத்துக் குச்சி

வரப்போகும் கொதிகலனை அந்த வண்டியில் இருந்த யாரும் கண்ணால் கண்டதில்லை. அது எங்கோ ஒரு துறைமுகத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, தனக்கு வழி உண்டா இல்லையா என்ற பதிலுக்காகக் காத்துக் கிடந்தது. ரயிலில் ஏற்றினால் ஒரு வீட்டைப் படுக்கவைத்து இழுத்துப் போகிற மாதிரி இருக்கும் என்றார்கள். வீட்டை இழுப்பதற்கு முன்னால் அதன் நிழலை இழுத்துப் போய்ப் பார்ப்பது இவர்களுடைய வேலை.

நிழல் என்றால் ஒட்டுப்பலகை. கொதிகலனைக் குறுக்கே அறுத்தால் என்ன உருவம் வருமோ அந்த உருவத்துக்குப் பலகையை அறுத்து, தட்டையான ஒரு வேகனின் நடுவில் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார்கள். அதன் விளிம்பு முழுக்க முள்ளம்பன்றி மாதிரி மெல்லிய பிரப்பங்குச்சிகள். குச்சி நுனிகளைச் சுண்ணாம்புக் குழம்பில் தோய்த்துவிடுவார்கள். இடப்பக்கத்துக்கு நீலம், வலப்பக்கத்துக்கு மஞ்சள். பாலத்துக் கைப்பிடியோ, சிக்னல் கம்பமோ, பிளாட்பாரத்துக் கூரையோ, எது நெருங்கி வந்தாலும் குச்சி வளையும். தொட்ட இடத்தில் நிறம் ஒட்டும்.

சின்னவள் இடப்பக்கம். வீட்டில்தான் அவள் சின்னவள். வேலையில் அவள் பெயரே இடப்பக்கம். பலகையின் இடது ஓரத்தில் ஒரு படியில் நின்றுகொண்டு, குச்சிகள் சும்மா இருக்கும்வரை "போ... போ..." என்று குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். ஒரு குச்சி வளைந்தாலும் "தொட்டுச்சு!" என்று கத்த வேண்டும். உடனே எஞ்சின் நிற்கும். இன்ஜினியர் இறங்கி வந்து நிறம் ஒட்டிய இடத்தை அளப்பார். வலப்பக்கத்தில் ஒரு நெட்டையன், ஒட்டடை என்று கூப்பிடுவார்கள். நடுவில் பலகை நிற்பதால் இவள் பக்கத்தில் நடப்பது அவனுக்குத் தெரியாது, அவன் பக்கத்தில் நடப்பது இவளுக்குத் தெரியாது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாய். அந்த வாய் சொன்னதுதான் சொல்.

அதனாலேயே அந்த வேலையில் ஒரு விதி இருந்தது: குச்சியைப் பார், சுவரைப் பார்க்காதே. சுவரைப் பார்க்கிறவனுக்குப் பயம் வரும். பயம் வந்தவன் தொடாததைத் தொட்டது என்பான். இரக்கம் வந்தவன் என்ன சொல்வான் என்று யாரும் யோசித்துவைத்த மாதிரி தெரியவில்லை. கம்பத்திடமும் பாலத்திடமும் யாருக்கு என்ன இரக்கம்?

நாலைந்து நாளாக விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. தண்டவாளத்து ஜல்லியெல்லாம் கருத்துப்போய், வானம் அழுக்குத் துணியை நனைத்துக் காயப்போட்ட மாதிரி கிடந்தது. எஞ்சின் ஓட்டுகிறவர் நடைவேகத்துக்கு மேல் போகவே மாட்டார். அவரை ஆமை என்று கூப்பிட்டால் அவருக்குப் பெருமை.

"நாளைக்கு உங்க அக்கா வீட்டு வளைவுதானே, இடப்பக்கம்?" ஒட்டடை டீயை ஊதிக்கொண்டே கேட்டான். "டீ கீ உண்டா, இல்ல சும்மா கையாட்டிட்டுப் போகணுமா?"

"எங்கக்கா டீயக் குடிச்சா அப்புறம் எவன் டீயும் உனக்கு இறங்காது. வேணாம், விடு."

"அவ்வளவு நல்லாருக்குமா?"

"அவ்வளவு கசக்கும்."

ஆமை சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா முன்னறையில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காலர்கள் ஒரு குவியல், கைகள் ஒரு குவியல். சட்டைகளே இல்லாத ஒரு கூட்டம் அங்கே குவிந்து கிடப்பதுபோல இருந்தது. பின்னறையில் மாமா, அக்காவின் புருஷன், படுத்திருந்தார்.

அந்தப் பின்னறையை மாமாதான் கட்டினார். தண்டவாளத்தில் போல்ட்டு முடுக்கும் வேலையில் இருந்தபோது, கழித்துப்போட்ட கட்டைகளையும் செங்கல்லையும் வைத்து, விடுமுறை விடுமுறையாகக் கட்டியது. தண்டவாளத்துக்கு அவ்வளவு கிட்டத்தில் சுவர் எழுப்பக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஓடுகிற வண்டிகளுக்கு அது தடையுமில்லை. பிறகு ஒரு நாள் வேலையில் நின்றபடியே விழுந்தார். பேச்சு போயிற்று; உடம்பில் பாதி போயிற்று. வலது கை மட்டும் மிச்சம். அந்தக் கைக்கும் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னல் பக்கம் எழும்பும். பயணிகள் வண்டி என்றால் விரித்த கை. சரக்கு வண்டி என்றால் மூடிய கை. ஒரு தடவையும் தப்பியதில்லை.

அக்காவுக்கு அதுதான் குடும்பம், அதுதான் பேச்சு. மிஷினை மிதித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பி, "என்னங்க, கூட்ஸா? நானும் அதான் நெனச்சேன்" என்பாள். "இன்னிக்கு லேட்டு போல. யாரு கேக்கறாங்க அவங்கள" என்பாள். தெருவில் போகிறவர்கள் கேட்டால் உள்ளே இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

"நாளைக்கு இந்தப் பக்கமா?" அக்கா மிஷினை நிறுத்தவில்லை.

"மத்தியானத்துக்குள்ள வளைவுக்கு வந்துருவோம்."

"நம்ம வீடு தப்பிக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? குச்சி சொல்லும்."

"குச்சி எங்கடீ சொல்லுது? நீதானே சொல்றே."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தொட்டா என்ன செய்வாங்க?"

"சுவர எடுப்பாங்க."

"சுவர எடுத்துட்டு ரூம அப்படியே அந்தரத்துல நிறுத்துவாங்களோ?"

"அக்கா..."

"கேக்கறேன். கேக்கக்கூடாதா? இந்த வீட்டுக்கு வரும்போது ஒரு பெட்டியும் ஒரு தங்கச்சியும் கொண்டாந்தேன். ரெண்டையும் தூக்கிட்டு வந்தது உள்ள படுத்திருக்காரே அவருதான். உனக்குக் காய்ச்சல்னா அவருதான் ராவெல்லாம் முழிப்பாரு, நான் தூங்கிருவேன். அத ஞாபகப்படுத்தறேன்னு நெனைக்காத. சும்மா சொல்றேன்."

"நீ சும்மா எதத்தான் சொல்லியிருக்கே?"

அக்கா எழுந்து கஞ்சியை ஆற்றினாள். ஒரு கிண்ணம் உள்ளே போயிற்று. ஒரு கிண்ணம் சின்னவளுக்கு. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அக்கா கலங்கியிருந்தால் உப்பு தூக்கலாகும் என்பது சின்னவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பின்னால் ஒரு சரக்கு வண்டி வந்தது. சுவர் லேசாக நடுங்க, அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. மாமாவின் கை எழும்பி, மூடி, அப்படியே நின்றது.

மறுநாள் வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். நீளமான சுமை வளைவில் திரும்பும்போது அதன் நடுவயிறு உள்பக்கமாகத் தள்ளும். காற்றடித்தால், தண்டவாளம் அமுங்கினால், ஆடவும் செய்யும். அந்தத் தள்ளலுக்கும் ஆட்டத்துக்கும் சேர்த்து, உள்பக்கத்துக் குச்சிகளைக் கழற்றிவிட்டு நீளக் குச்சிகளை மாட்டுவது வழக்கம். வளைவு இடது கைப்பக்கம் திரும்பியதால் உள்பக்கம் இடப்பக்கம். சின்னவள் தன் கையாலேயே ஒவ்வொன்றாக மாட்டினாள். நீலக் குழம்பு விரலிடுக்குகளில் சில்லென்று இறங்கியது.

"போ... போ..."

புதர்கள் போயின. உடைந்த வேலி போயிற்று. கண் ஓரத்தில் அந்தச் சுவர் வந்துகொண்டிருப்பது பார்க்காமலே தெரிந்தது. குச்சியைப் பார். குச்சியைப் பார். குச்சிகள் அசையாமல் நின்றன. அப்போதுதான் ஜன்னலுக்குள் ஏதோ எழும்பியது.

பார்த்துவிட்டாள்.

மாமாவின் கை. இந்த வண்டியின் சத்தத்தை அந்தக் கை இதுவரை கேட்டதில்லை. பயணிகள் வண்டியா, சரக்கு வண்டியா? விரல்கள் பாதி விரிந்து, பாதி மூடி, முடிவு பண்ணத் தெரியாமல் காற்றில் தவித்தன. அவளைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது.

'சரக்' என்று ஒரு சத்தம். எலி காகிதத்தைக் கடிக்கிற அளவுக்குத்தான்.

"போ" என்றாள்.

எஞ்சின் போயிற்று. ஜன்னல் பின்னால் போயிற்று. அடுத்த வீடு, அடுத்த கம்பம். "போ... போ..." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லாதது அவளுக்கே அதிசயமாக இருந்தது. பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒட்டடையும் "போ... போ..." என்று பதில் பாடிக்கொண்டு வந்தான்.

அடுத்த இரண்டு நாள் அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை. குச்சி வளைந்ததை நான் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யுமில்லை. பார்க்கவில்லைதான். கேட்டதைப் பற்றி அவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்? மனசுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடிக்கொண்டே இருந்தான். நீதிபதி மட்டும் வாயே திறக்கவில்லை. குச்சி எதைத் தொட்டிருக்கும் என்று நிச்சயம் தெரிந்தால் போதும் என்று தோன்றியது. கூரை நுனி என்றால் யாருக்கும் சொல்லாமல் ஒரு சாண் வெட்டிவிடலாம். நிறம்தான் ஒட்டியிருக்குமே, போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாம் நாள் வேலை முடிந்ததும், முன்வாசலுக்குப் போகாமல் தண்டவாளத்தோரமாகவே நடந்து பின்சுவருக்குப் போனாள். கூரை நுனியில் ஒன்றும் இல்லை. ஜன்னல் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குக் கீழே, வருஷக்கணக்கான புகையும் பாசியும் படிந்த சுவரில், ஒரு முறம் அகலத்துக்கு மட்டும் குழந்தைக்கு முகம் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. பிரஷ்ஷின் கோடுகள் கூடத் தெரிந்தன.

"வந்துட்டியா? உள்ள வா, முட்டை பொரிச்சிருக்கேன்" என்றாள் அக்கா, ஜன்னலுக்குள்ளிருந்து.

தட்டில் இரண்டு முட்டை. அக்கா எதிரில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்தாள். உப்பு சரியாக இருந்தது.

"நல்லாத் தேச்சிட்டேன்" என்றாள் அக்கா. "ஒரு பொட்டு நீலம் இல்ல. எவன் வந்து பாத்தாலும் தெரியாது."

"அக்கா, அது சுவர்ல பட்டிருக்கு. கூரையில இல்ல. மாமா தலைமாட்டுக்கு நேரா பட்டிருக்கு."

"தெரியும். நான்தானே தொடச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அது வர அன்னிக்கு மட்டும் அவர முன்னாடி ரூமுக்குத் தூக்கிட்டாப் போச்சு. மெதுவாத்தானே வரும்? ஒரு ஓரம் பேந்தா நான் பூசிக்கறேன்."

"ஓரம் இல்லக்கா. அது சாஞ்சா..." தட்டைத் தள்ளிவைத்தாள். "சுமை வரும்போது பக்கத்துக்கு ஒரு ஆள் கூடவே நடப்போம். சுவருக்கும் இரும்புக்கும் நடுவுல. இடப்பக்கம் யாரு?"

அக்கா தள்ளிவைத்த தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்கு லீவு போடு."

"நான் லீவு போட்டா வேற யாராவது நடப்பாங்க."

"யாரு?"

"ஒட்டடை."

"அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அக்காவுக்கு உறைத்தது. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் அதே வழியாகத்தான் வந்தது.

"எனக்காகத்தானே சொல்லாம விட்டே?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "ஜன்னலோரமா உன் கண்ணுல படாம நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். குச்சி ஒடிஞ்ச மாதிரி கேட்டுச்சு. நீ 'போ'ன்னே. எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்துருச்சு. எங்கம்மா போனப்புறம் எனக்குன்னு யாரும் எதுவும் செஞ்சதில்லடீ. நீ செஞ்சே."

அதைத்தான் சின்னவளால் தாங்க முடியவில்லை. அக்கா திட்டியிருந்தால் பழகிப்போன விஷயம். ஒரு பொய்க்காக இவ்வளவு அன்பு கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஜன்னலைப் பார்க்கும்போதே கண்ணை மூடியிருப்பாள். அக்கா அவள் விரலிடுக்கில் போகாமல் ஒட்டியிருந்த நீலத்தைத் தன் துணியின் ஓரத்தால் துடைத்துவிட்டாள், சின்னப்பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி.

காலையில் இன்ஜினியரிடம் போய்ச் சொன்னாள். அவர் பலகைக்குப் பக்கத்தில் குடையோடு நின்றிருந்தார்.

"சார், வளைவுல ஒரு எடம் தொட்டுச்சு. நான் சொல்லல."

"எந்த எடம்?"

"எங்கக்கா வீடு."

அவர் குடையை மடக்கினார். தூறல் இன்னும் நிற்கவில்லை. "ஏன்மா அன்னிக்கே சொல்லல?"

"குச்சியப் பாக்கல சார். ஜன்னலப் பாத்துட்டேன்."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. திட்டவுமில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். மறுபடியும் வளைவுக்கு வண்டியை விட்டார்கள். இடப்பக்கத்துப் படியில் ஒட்டடை ஏறி நின்றான். "தொட்டுச்சு!" என்ற குரல் பாதித் தெருவுக்குக் கேட்டது. அதன்பிறகு அவளுக்குக் குழம்பு கலக்கும் வேலை. ஒட்டடை அவளை இடப்பக்கம் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், ஒன்றும் கூப்பிடாமலே குவளையை நீட்டுவான்.

அறையை இடிக்க ஆட்கள் வந்த அன்று அக்கா சண்டை போடவில்லை. வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார்கள். கட்டிலோடு மாமாவைத் தூக்கி முன்னறையில், தெருவைப் பார்த்த சுவரோரமாகப் போட்டார்கள். தையல் மிஷின் அடுக்களைக்குப் போயிற்று. ஜன்னலை மட்டும் உடைக்காமல் சட்டத்தோடு கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்தார்கள்; அதன் வழியாகப் பார்த்தால் செங்கல் தெரிந்தது. பின்பக்கம் தரையோடு தரையாக ஒரு வரி அஸ்திவாரம் மிஞ்சியது. அதைப் பெயர்க்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சின்னவள் வந்தால் அக்கா அவளோடு பேசமாட்டாள். கட்டிலைப் பார்த்துப் பேசுவாள்.

"என்னங்க, யாரோ வந்திருக்காங்க."

"அக்கா, மாமா சாப்ட்டாரா?"

"என்னங்க, நீங்க சாப்ட்டீங்களான்னு அளக்க வந்திருக்காங்க."

சின்னவள் துணிகளைத் துவைத்துப் போட்டாள். மாமாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துவிட்டாள். பின்னால் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. இரண்டு சுவர் தாண்டி, சத்தம் மொத்தையாக வந்தது. தெருவில் போகிற லாரியின் சத்தமும் அதில் கலந்தது. மாமாவின் கை போர்வை மேல் கிடந்தது. முதல் சில நாள் விரல்கள் அசைந்தன என்று அக்கா கட்டிலிடம் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. அக்காவும் "கூட்ஸா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கொதிகலன் வந்த அன்று மழை விட்டிருந்தது. இலை அசையவில்லை. தெருவே தண்டவாளத்தோரம் நின்றது. சின்னவளுக்கு வண்டியில் வேலை இல்லை. அக்கா வீட்டுப் பின்புறம் வந்து நின்றாள். அடுக்களைக் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள். அவளைத் தாண்டி நேராகப் போய், மிஞ்சியிருந்த அஸ்திவாரக் கோட்டின் மேல், தண்டவாளத்தைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, தள்ளி வா."

"சுவரு இருந்த எடத்துலதான் நிக்கறேன்." பல நாளுக்குப் பிறகு நேராக அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "இடிக்கும்னுதானே சொன்னே? இடிக்கட்டும், பாப்போம்."

வளைவில் எஞ்சின் தலைகாட்டியது. ஆமை அன்று ஆமையைவிட மெதுவாக வந்தார். பின்னால் அது வந்தது. கறுப்பாக, ஈரமாக, வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டு. அதன் இடது ஓரத்தில் ஒட்டடை, ஒரு கையை இரும்பின் பக்கம் நீட்டியபடி நடந்து வந்தான். "போ... போ..." அக்காவைப் பார்த்ததும் அவன் குரல் தடுமாறியது.

"அக்கா, ஒரு அடி பின்னால போங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

அக்கா நகரவில்லை. சின்னவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தாள். அக்கா அசையவில்லை. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல், அவளும் அதே கோட்டில், அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். ஒட்டடை நிமிர்ந்து எஞ்சினைப் பார்த்தான், இவர்களைப் பார்த்தான், பிறகு கோட்டுக்கு உள்பக்கமாக ஒதுங்கி, கண்ணைத் தாழ்த்தி இரும்புக்கும் இவர்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளியை மட்டும் பார்த்தான்.

"போ" என்றான்.

கொதிகலனின் வயிறு அவர்கள் முகத்துக்கு முன்னால் ஊர்ந்தது. துருவும் எண்ணெயும் குளிரும் சேர்ந்த ஒரு வாசனை. அக்கா விட்ட மூச்சு இரும்பில் படிந்து வெள்ளையாக ஒரு வட்டம் போட்டது; வட்டம் நகர்ந்து போயிற்று; அடுத்த மூச்சு அடுத்த வட்டம். ஆட்டமே இல்லை. முடிவே இல்லாததுபோல இரும்பு போய்க்கொண்டிருந்தது. அது அக்காவின் மூக்கைத் தொடவில்லை. முன்னால் வந்து கிடந்த ஒரு முடியைக்கூடத் தொடவில்லை.

இரும்பின் முனை கடந்து, எதிர்ப்பக்கத்து வெளிச்சம் திடுமென முகத்தில் அடித்தது. இன்னும் சில காலி வேகன்கள் இருந்தன. அக்கா திரும்பினாள்.

"தொடலையே."

சின்னவளுக்கு எல்லாம் சொல்லத் தெரியும். நீளக் குச்சியில் ஆட்டத்தையும் சேர்த்துத்தான் வைப்போம், இன்று காற்று இல்லை, தண்டவாளம் அமுங்கவில்லை. அத்தனையும் உண்மை. அத்தனையும் வாய்வரை வந்தது.

"இன்னிக்குத் தொடலக்கா" என்றாள்.

அக்கா அவளை ஒரு கணம் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இன்னிக்கு" என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னவள் பின்னாலேயே போய் அடுக்களை வாசலில் நின்றாள். வீடு முழுக்க மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. டம்ளர்கள் கிணுகிணுத்தன. மாமா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, அவருடைய வலது கையைத் தன் மடியில் எடுத்துவைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். மடக்கிய கையைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டு, ஜன்னல் இல்லாத அந்தச் சுவரை நோக்கி உயர்த்திப் பிடித்தாள்.

"கூட்ஸுங்க" என்றாள். "பெரிய கூட்ஸு."

அந்தக் கை கனமாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் அக்கா இறக்கவில்லை. டம்ளர்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"போயிடுச்சா?" அக்கா திரும்பாமலே கேட்டாள்.

சின்னவள் பின்கதவு வழியாகப் பார்த்தாள். கடைசி வேகனும் வளைவைத் தாண்டியிருந்தது. தண்டவாளம் காலியாக, ஈரமாக மின்னிக்கொண்டு கிடந்தது.

"போயிட்டிருக்கு" என்றாள்.